கடதாசி டொபி

இரவு பத்து மணிக்குப் பிறகு
ஓல்டன் நகரில், எங்கள் தொடர்மாடியில்,
தண்ணீர்க் குழாயும் அடக்கித்தான் பேசவேண்டும்.
சட்டம் கீழே சுவரில் ஒட்டியிருக்கிறது
மூன்று மொழியில். தமிழ் இல்லை.
ஆனாலும் விளங்கும்.

கண்ணாடிக் கடதாசிக்கு விளங்காது.
ஊதிய பலூனைச் சுற்றி
இரண்டு பக்கமும் முறுக்கினால்
தகரத்தில் மழை விழுகிற சத்தம்.
ஒரு டொபி முடிவதற்குள்
கீழ்வீட்டுத் திருமதி ஏஷ்லிமான்
தும்புத்தடியால் தன் முகட்டைத் தட்டினார்,
ஒரேயொருதரம்.
என்னிடமும் ஒரு தும்புத்தடி இருந்தது.
அதை அரிந்து
லொலிபொப்புக்குத் தண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

சாருகாவுக்கு ஏழு வயது.
அவள் கேட்டது
இனிப்புக் கடைக்குள்ளே நிற்கிற மாதிரி ஓர் அறை.
மச்சான் போனில் சொன்னார்:
"சூரிச்சில் ஆள் இருக்கு, ஆயிரத்தெண்ணூறு பிராங்,
சிம்மாசனமும் சேர்த்து."
அவள் சாதாரணக் கதிரையிலேயே
ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டாள் என்றேன்.
காசு இல்லை என்பதை
இரண்டாவது காரணமாகச் சொன்னேன்.

கடதாசிக் கோப்பை இருபது.
நடுவிலிருந்து வெளியே சுருள் கீறவேண்டும்.
முதலாவது நத்தையாய் வந்தது.
இரண்டாவது நுளம்புச் சுருள் என்றாள் வதனி,
முதியோர் இல்லத்து இரவு வேலைக்குச்
சப்பாத்துக் கட்டியபடியே.
சிரிப்பைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய்ச் சிரித்தாள்,
பத்து மணி ஆகப்போகிறதல்லவா.
ஐந்தாவதில் கை பழகிற்று.
பன்னிரண்டாவதில் சிவப்பு முடிந்தது.
மிச்சம் முழுக்க மஞ்சள்.
எலுமிச்சைச் சுவை என்று
பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தேன்,
யாரும் கேட்டால் பதில் இருக்கட்டும்.

ஆனால் பலூன்கள்.
ஒன்பதையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு
குளியலறைக்குள் போய்,
கதவிடுக்கில் துவாயை அடைத்து,
தண்ணீரில்லாத தொட்டிக்குள் குந்தியிருந்து
ஒரு திருடனைப் போல
இனிப்புச் சுற்றினேன்.

இரண்டு மணிக்கு அவளை எட்டிப் பார்த்தேன்.
போர்வை தலைமாட்டில் ஒரு முறுக்கு,
கால்மாட்டில் ஒரு முறுக்கு.
பிரிக்காமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை.
நிலக்கீழ்ப் பொது அறை,
கையெழுத்து வைத்து வாங்கிய திறப்பு.
பக்கத்து அறையில் யாருடையவோ உடுப்பு சுழல்கிற சத்தம்.
எட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நத்தையும் நுளம்புச் சுருளும்
அந்த நேரம் பார்த்து
சுவரிலிருந்து என்னை முறைத்தன.

பிறகு நெவியோ,
யாரோ ஒருத்தியின் தம்பி,
அழைப்பில் பெயரில்லாதவன்,
நேரே நடந்துபோய்
எட்டி ஒரு மஞ்சள் கோப்பையைக் கடித்தான்.

மென்றான்.
யோசித்தான்.
இன்னொருதரம் கடித்தான்.

தாய் ஓடிவந்து வாய்க்குள் விரலைவிட,
நஞ்சில்லை, சாயத்தில் நஞ்சில்லை என்று
எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம்
வரிசை மாறிக் கொட்டினேன்.
சாருகா மட்டும் குனிந்து
அவனிடம் கேட்டாள்: என்ன சுவை?

மஞ்சள், என்றான் நெவியோ.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் உள்ளே வந்தார்கள்.
உண்மையான இனிப்பு ஒரு கிண்ணம் நிறைய
மேசையில் இருந்ததை
ஐந்து மணிவரை யாரும் காணவில்லை.

ஆறு மணிக்கு அறையைக் கூட்டினேன்.
கடதாசி தனியே, செவ்வாய்க்கிழமைக்கு.
பலூன் காசு கட்டிய பையில்.
படியில் திருமதி ஏஷ்லிமான்
பைக்குள் எட்டிப் பார்த்தார்.
ஒரு டொபியை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
முறுக்கிய முனையை மட்டும்
இரண்டு விரலால் நெரித்து, கேட்டு,
இதுதானா வியாழக்கிழமை, என்றார்.
இதுதான், என்றேன்.

கடித்த கோப்பையைக் கட்டில் சேர்க்கவில்லை.
எலுமிச்சையை அழித்துவிட்டு
மஞ்சள் என்று எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
வேலையால் வந்த வதனி
சப்பாத்தைக் கழற்றாமலே நின்று எண்ணினாள்:
மேலே நாலு பல்.
கீழே மூன்று,
நடுவில் ஒன்று இன்னும் முளைக்கவில்லை.